அகராதி கண்ணமங்கலத்தில் இருந்தது

போன மாதம் ஒரு நாள் காலை, ஆபீஸ் வேலைக்கு லாகின் ஆவதற்கு முன் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் மஞ்சுளா. கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு ஹார்டு டிஸ்க் – துண்டில் சுற்றி, அடிபட்ட புறாவைத் தூக்கி வந்த மாதிரி.

"அண்ணா, சிஸ்டம் செத்துப் போச்சு. இது மட்டும்தான் பொழச்சிகினு இருக்குது," என்றாள்.

மஞ்சுளாவும் அவள் கணவர் முரளியும் எங்கள் தெருவிலேயே டிசைன் சென்டர் நடத்துகிறார்கள். ஆரணிக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டுச் சேலையில் பார்டர் எப்படி, முந்தானை எப்படி என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, பென் டிரைவில் போட்டுத் தறிக்கு அனுப்புகிற இடம் அது. தறிக்கு மேலே ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி உட்கார்ந்திருக்கும். அது அந்தப் படத்தைப் படித்து, எந்த இழையைத் தூக்க வேண்டுமோ அதைத் தூக்கும்.

என்னைப் பற்றி, இந்தப் பகுதியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஆரணியில் இருந்தபடியே ப்ரோக்ராம் எழுதுகிறவன். தெருவில் யார் வீட்டு பிரிண்டர் மக்கர் செய்தாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்கும் பிரிண்டருக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்?

ஆனால் இது பிரிண்டர் விஷயம் இல்லை.

பழைய கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க். ஒன்று போய்விட்டது. இன்னொன்றில் டிசைன்கள் எல்லாம் பத்திரம். டிசைன் வரைகிற ப்ரோக்ராமும் அதிலேயே. புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, டிஸ்க்கை மாட்டி, ப்ரோக்ராமைத் திறந்தால்... சிவப்பு எழுத்தில் நாலு வரி. அவ்வளவுதான்.

அவசரம் என்னவென்றால், தேசூரில் ஒரு குடும்பம். மூத்த மகள் கல்யாணத்துக்கு இவர்களிடம்தான் சேலை நெய்து வாங்கினார்கள். இப்போது இளையவளுக்குக் கல்யாணம். அக்காவுடையதைப் போலவே வேண்டும், நிறம் மட்டும் வேறு. இளையவள் கேட்டது அது ஒன்றுதானாம். நீளவாட்டு இழையான பாவு தறியில் ஏறிவிட்டது. டிசைன் மட்டும் வெளியே வரவில்லை.

போட்டோவைப் பார்த்துத் திரும்ப வரையக் கூடாதா என்று கேட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அப்படியே வரவும் வராது என்றாள். கல்யாணத் தேதி அதுவரை காத்திருக்காது. அது மட்டுமா? இத்தனை வருஷத்து டிசைன்களும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கின்றன. டிசைன் சென்டருக்கு அதுதானே சொத்து?

யாரிடம் வாங்கிய ப்ரோக்ராம், அவர்களைக் கூப்பிடலாமே என்றேன்.

மஞ்சுளா துண்டின் ஓரத்தை மடித்தாள். "வாங்கினது இல்லண்ணா. மாமா எழுதினது."

மாமா என்றால் முரளியின் அண்ணன். தணிகாசலம்.

இங்கே கொஞ்சம் பழைய கதை. அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் சென்டரை ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் எல்லாம் டிசைன் சாஃப்ட்வேரைக் கடையில் வாங்கியபோது, கம்ப்யூட்டர் டிப்ளமா படித்திருந்த தணிகாசலம் தானே ஒன்றை பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினார். நன்றாகவே ஓடியது. ஒரு நாள் போளூரில் இருந்து வந்திருந்த வியாபாரி ஒருவர் முன்னால் முரளி ஏதோ பேச்சுவாக்கில், "இது அண்ணனோட வெளையாட்டு சாமானுங்க, நல்லதா ஒண்ணு வாங்கப் போறோம்" என்று சொல்லிவிட்டார்.

தணிகாசலம் அந்த வாரமே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மாமனார் ஊரான கண்ணமங்கலத்துக்குப் போய்விட்டார். அங்கே ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு கடை. அதற்குப் பிறகு அண்ணன் தம்பி பேச்சு இல்லை. சொந்தக்காரர் கல்யாணங்களில்கூட வேறு வேறு பந்தியில்தான் சாப்பிட்டார்கள்.

முரளி நல்லதாக ஒன்று வாங்கினாரா? இல்லை. விளையாட்டுச் சாமானிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். செத்தது கம்ப்யூட்டர்தான், இல்லாவிட்டால் இன்னமும் ஓட்டிக்கொண்டிருந்திருப்பார்.

சரி, சிவப்பு எழுத்துக்கு வருவோம்.

டிசைன் கோப்புகளைச் சுருக்கி வைப்பதற்குத் தணிகாசலம் ஒரு கம்ப்ரெஷன் லைப்ரரியை, அதாவது யாரோ எழுதித் தயாராக வைத்த ப்ரோக்ராம் தொகுப்பைப் பயன்படுத்தியிருந்தார். உலகம் முழுக்கப் பலர் பயன்படுத்துவதுதான். அது சி மொழியில் எழுதப்பட்டது. இவர் ப்ரோக்ராமோ பைத்தான். ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. நடுவில் நின்று இங்கே கேட்டதை அங்கே சொல்லி, அங்கே சொன்னதை இங்கே சொல்கிற சின்னத் துண்டு ஒன்று உண்டு. பைண்டிங் என்பார்கள். ஆற்காட்டு நவாப் காலத்தில் துபாஷிகள் இருந்தார்களே, அந்த உத்தியோகம்.

லைப்ரரி வளர்ந்துவிட்டது. பைத்தானும் வளர்ந்துவிட்டது. நடுவில் இருந்த பைண்டிங் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அதை எழுதியவர் ஏதோ ஒரு வெளிநாட்டுக்காரர். அதன் பக்கத்தில் ஒரு குறிப்பு போட்டிருந்தார் – எனக்கு இப்போது குழந்தைகள் இருக்கிறார்கள், நேரமில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம் என்று. நியாயமான காரணம். குறை சொல்ல முடியுமா?

பழைய பைத்தானையே தேடிப் போட்டால் என்ன என்று விஷயம் தெரிந்த வாசகர் யாராவது கேட்கலாம். முயன்றேன். புதுக் கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பைண்டிங்கைப் புதுப்பிப்பதுதான் ஒரே வழி.

தினமும் காலையில் ஆபீஸ் வேலை தொடங்குவதற்கு முன் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு பவர்லூம் ஓட ஆரம்பித்தால் நானும் ஆரம்பிப்பேன். சத்தத்தில் வேலை செய்து பழகிவிட்டால் அமைதியில் எரிச்சல் வரும், தெரியுமா?

வேலை பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. லைப்ரரியில் சில கட்டளைகளுக்குப் பெயர் மாறியிருந்தது. மாற்றினேன். சிலவற்றை அடியோடு எடுத்திருந்தார்கள். அவற்றுக்குப் பதிலாக என்ன வந்திருக்கிறது என்று தேடினேன். எல்லாம் முடிந்து, பரீட்சை வைத்தேன். 'வணக்கம்' என்ற சொல்லை உள்ளே கொடுத்துச் சுருக்கு, பிறகு விரி என்றேன். 'வண' என்று வந்து நின்றது. பாதி மரியாதை.

நீளத்தைச் சொல்கிற எண்ணை லைப்ரரி இப்போது பெரிதாக வைத்திருக்கிறது. பைண்டிங் பழைய பழக்கத்தில் அதில் பாதியை மட்டும் படிக்கிறது. இதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாள் போனது. சரிசெய்ததும் முழு வணக்கமும் வந்தது. கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுக்கவில்லை.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் என்ன குறை என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடும். எந்த வரியில் என்றும் சொல்லும். மனிதர்களில் எத்தனை பேர் அப்படி?

மஞ்சுளாவின் டிஸ்க்கை மாட்டி, தேசூர்க்காரர்களின் டிசைனைத் திற என்றேன். பைண்டிங் ஒழுங்காக வேலை செய்தது. லைப்ரரிக்குக் கேள்வி போனது, பதிலும் வந்தது.

பதில் இதுதான்: இதைத் திறக்க அகராதி வேண்டும். அது இல்லை.

இந்த அகராதி சொற்பொருள் பார்க்கிற அகராதி இல்லை. டிசைன்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஜாதி. அதே மாங்காய், கரையோரம் பல்பல்லாக நிற்கிற அதே தாழம்பூ ரேக்கு, அதே கட்டம். திரும்பத் திரும்ப வருகிறவற்றை எல்லாம் ஒரு தனிக் கோப்பில் ஒரே ஒரு முறை எழுதி வைத்துவிட்டால், ஒவ்வொரு டிசைனும் 'அதைப் பார்த்துக்கொள்' என்று சொன்னால் போதும். கோப்பு ரொம்பச் சின்னதாகிவிடும். அந்தத் தனிக் கோப்புக்குத்தான் அகராதி என்று பெயர். அது இல்லாமல் ஒரு டிசைனும் திறக்காது. லைப்ரரியை எழுதியவர்களே வந்து உட்கார்ந்தாலும் திறக்காது.

அகராதி இருந்தது செத்துப்போன டிஸ்க்கில்.

மஞ்சுளாவையும் முரளியையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். இன்னொரு பிரதி இருந்தால் அது தணிகாசலத்தின் லேப்டாப்பில்தான் இருக்கும் என்றேன். முரளி சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேணும்னே பண்ணிட்டுப் போயிருக்கான்," என்றார்.

இல்லை என்றேன். அகராதியைக் கேட்கிற முதல் டிசைனின் தேதியைக் காட்டினேன். சென்டர் ஆரம்பித்த வருஷம். சண்டைக்கு ரொம்ப முந்தி. முரளி அந்தத் தேதியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, போட்டோவைப் பார்த்தே வரைந்துவிடலாம் என்று எழுந்தார்.

மஞ்சுளா குரலை உயர்த்தவில்லை. "வரையறது யாரு, நானு. கண்ணு போறது எனக்கு. நாளைக்கு நான் கண்ணமங்கலம் பஸ் ஏறப் போறேன். நீங்க வரவேணாம்."

முரளி போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

துணைக்கு நானும் போனேன். டெக்னிக்கலாக ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? வேலூர் பஸ். மஞ்சுளா மடியில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். இறங்கும்போது கேட்டால், ஒன்றும் யோசிக்கவில்லை, பயமாக இருந்தது என்றாள். கதவிலேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டால்?

தணிகாசலம் கடையில் ஆதார் திருத்தத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். மஞ்சுளாவைப் பார்த்ததும் எழுந்தார். தன் நாற்காலியை எடுத்து அவளுக்குப் போட்டார். எனக்கு ஸ்டூல். எதிர்க்கடைக்கு டீ சொல்லிவிட்டு, நின்றிருந்தவர்களை ஒவ்வொருவராக அனுப்பினார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவே இல்லை.

கூட்டம் தீர்ந்ததும் மஞ்சுளா சொன்னாள். கம்ப்யூட்டர் போனது, தேசூர் கல்யாணம், திறக்காத டிசைன்... எல்லாம். முரளி பெயரை மட்டும் எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அவர் கேட்டது என்னிடம்தான். என்ன எரர் வந்தது? லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். பைண்டிங்கை நான் புதுப்பித்ததைப் பார்த்ததும் மனிதர் முகமே மாறிவிட்டது. ஸ்டூலுக்குப் பக்கத்தில் குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'வண' கதையைச் சொன்னேன். சிரித்தார். கண்ணமங்கலத்தில் இதையெல்லாம் பேசுவதற்கு யாரும் இல்லை என்றார்.

அகராதி வைத்தது ரொம்பத் தப்பு, ஒரு கோப்பு போனால் மொத்தமும் போகும், இதை யோசிக்கவில்லையா என்று கேட்டேன்.

"அப்ப நெட்டு ஆமை மாதிரிங்க. மெயில்ல அனுப்புறதுக்குள்ள விடிஞ்சிடும். சின்னதாக்கணும், அது ஒண்ணுதான் மண்டையில ஓடிகினு இருந்துச்சு," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "இப்படிப் போவும்னு நெனைக்கலியே," என்றார்.

அவர் சொன்னது டிஸ்க்கையா, உறவையா என்று நான் கேட்கவில்லை.

அகராதி அவர் லேப்டாப்பில் இருந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை, டெஸ்க்டாப்பிலேயே இருந்தது. மஞ்சுளா பையில் இருந்து பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதுல போட்டுக் குடுத்தா போதும் மாமா."

தணிகாசலம் பென் டிரைவைத் தொடவில்லை. டீயைக் குடித்து முடித்தார். கிளாஸை ஓரமாக வைத்தார்.

"பென் டிரைவ்ல குடுத்தா சரிப்படாதும்மா. அது போட வேண்டிய எடத்துல போடணும். கொஞ்சம் பேஜார் புடிச்ச வேலை. நானே வந்து போட்டாத்தான் ஒழுங்கா இருக்கும்."

நான் வாயைத் திறந்தேன். இதில் பேஜார் என்ன இருக்கிறது? கோப்பை ஒரு ஃபோல்டரில் வைக்க வேண்டும், ப்ரோக்ராமில் ஒரு வரியில் அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்று சொல்வதற்குள் மஞ்சுளா முந்திக்கொண்டாள்.

"ஆமா மாமா. அண்ணாவுக்கு அந்த அளவுக்குத் தெரியாது. நீங்களே வாங்க."

இத்தனை வருஷ அனுபவம், சம்பளம், பதவி உயர்வு எல்லாம் ஒரே வாக்கியத்தில் போனது. தணிகாசலம் என்னைப் பார்த்தார். இப்போதுதான் நான் எழுதியதை வரிவரியாகப் படித்த மனிதர். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

"ஆமாங்க, அது எனக்குப் பழக்கம் இல்லை," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

வந்தார். முன்னதாகவே வந்துவிட்டார். மஞ்சுளா என்னையும் கூப்பிட்டிருந்தாள் – தெரியாதவன் தெரிந்துகொள்ளட்டும் என்று. முரளி காலையிலேயே பாவு பார்க்கப் போகிறேன் என்று கிளம்பியவர், என்ன காரணமோ போகாமல், சென்டர் வாசலிலேயே பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் தெருவில் நடந்து வருவது தெரிந்ததும் துணியை ஹாண்டில் மேல் போட்டார். நேராக நின்றார்.

"வா," என்றார்.

"ம்," என்றார் தணிகாசலம். செருப்பை விட்டு உள்ளே போனார்.

அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த காட்சி ஒன்றும் நடக்கவில்லை. மன்னிப்பு இல்லை, கண்ணீர் இல்லை. மஞ்சுளா மட்டும் சமையலறையில் தேவைக்கு மேல் பாத்திரச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

தணிகாசலம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அகராதியை வைத்தார். ஒரு வரி எழுதினார். தேசூர் டிசைனைத் திறந்தார். திரையில் பார்டர் மேலிருந்து கீழாக இறங்கியது. தாழம்பூ ரேக்கு, அதற்கு உள்ளே சின்னச் சின்ன மயில், முந்தானையில் பெரிய மயில் இரண்டு. முரளி அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து அவர்தான் திரையில் ஒரு இடத்தைக் காட்டினார். பெரிய மயிலின் கழுத்து.

"இங்க ஒரு எழை தப்பா வருதுன்னு அப்பவே சொன்னேன்."

ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். சமையலறைச் சத்தமும் நின்றது.

தணிகாசலம் திரும்பவில்லை. அந்த இடத்தைப் பெரிதாக்கினார். கட்டம் கட்டமாக, ஒவ்வொரு இழையும் தெரிகிற அளவுக்கு.

"நீ சொன்ன அன்னிக்கே மாத்திட்டேன். பாரு," என்றார்.

முரளி குனிந்து பார்த்தார். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். தப்பு இல்லை. மூத்தவள் கல்யாணச் சேலையிலேயே தப்பு இல்லாமல்தான் நெய்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் தன் பேச்சை அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்குச் சொல்லவேயில்லியே," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"நீ கேக்கலியே."

முரளி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த டிசைனைத் திறக்கச் சொன்னார். அதற்கு அடுத்தது. பிறகு அதற்கு அடுத்தது. ஒவ்வொன்றும் எந்த ஊர்க்காரர்களுக்கு வரைந்தது என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். நான் அங்கே இருப்பதை மறந்துவிட்டார்கள். மஞ்சுளா வந்து மூன்று பேருக்கும் காபி கொடுத்தாள். கிளாஸை நீட்டும்போது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்று சொல்வதற்கு அந்த வீட்டில் அன்று வெங்காயமே நறுக்கவில்லை.

நான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன்.

சேலை நெய்து முடிந்து தேசூருக்குப் போய்விட்டது. அகராதிக்கு இப்போது மூன்று பிரதிகள் மூன்று இடங்களில் இருக்கின்றன. நான் புதுப்பித்த பைண்டிங்கை அந்த வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பி வைத்தேன். ஒரு வரியில் நன்றி சொல்லி, இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டார். அவருக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள். இப்போது முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எந்தெந்த நாட்டில் இருந்தோ எழுதுகிறார்கள். அது ஓடவில்லை, இது ஓடவில்லை. ஓடுகிறது என்று ஒருவர்கூட எழுதுவதில்லை.

போன வாரம் தணிகாசலம் எனக்குப் போன் செய்தார். ப்ரோக்ராம் எப்படி ஓடுகிறது, தகராறு ஒன்றும் இல்லையே என்று கேட்டார். குரல் கொஞ்சம் இழுத்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

இருக்கிறது, வந்து பார்த்தால் தேவலை என்று சொல்லிவிட்டேன். ப்ரோக்ராம் பிரமாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.